மடியில் நூற்கண்டு: சோஜர்னர் ட்ரூத்தின் வாழ்வும் வழக்குகளும்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அட்டைப் படம் அது. முதிய கறுப்பினப் பெண் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, தோளில் சால்வை, முகத்தில் கண்ணாடி. பக்கத்து மேசையில் பூச்சாடியும் ஒரு புத்தகமும். கைகளில் பின்னல் ஊசிகளும் பாதியில் நிற்கும் கம்பளிப் பின்னலும். நூல் மடிவழியே நெளிந்து இறங்குகிறது. 1860களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இவ்வகைப் படங்கள் இன்று வாஷிங்டனின் தேசிய உருவப்படக் காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கலைப்பொருள்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. படத்தில் இருப்பவர் சோஜர்னர் ட்ரூத். அடிமையாகப் பிறந்து, வெள்ளையர்களுக்கு எதிராக நீதிமன்றம் ஏறி வென்று, அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் நாடு முழுதும் நடந்து பேசியவர்.

நம் கூட்டங்களுக்கு அவர் பெயர் புதிதன்று. மகளிர் நாள் சுவரொட்டிகளிலும் கல்லூரி வாசிப்பு வட்டங்களிலும், அவர் கேட்டதாகச் சொல்லப்படும் ஒரு கேள்வியோடு சேர்ந்தே அறிமுகமாகிறார். 1851இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார் என்பது உண்மை. சில வாரங்களுக்குள் மரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் அப்பேச்சை அச்சிட்டார். அதில் அந்தக் கேள்வி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மாநாட்டிற்குத் தலைமை வகித்த பிரான்சஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி 1863இல் வெளியிட்ட வடிவத்தில்தான் அக்கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அதுவும் தென்மாநிலத் தோட்டங்களின் கறுப்பினப் பேச்சு வழக்கில் வருகிறது. ட்ரூத் தெற்கே அடிமையாக இருந்தவரல்லர். வடக்கே நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். ஆங்கிலம் அவர் அடிபட்டுக் கற்ற இரண்டாம் மொழி.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர் சொன்னதாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் வேறொருவர் பேனாவைக் கடந்தே வந்திருக்கிறது. இது நமக்குத் தெரியாத நிலைமை அன்று. நந்தனை நாம் சேக்கிழார் வழியாகவும் கோபாலகிருஷ்ண பாரதியார் வழியாகவும்தானே கேட்கிறோம்? ஆதனூர்ச் சேரியில் நின்று நந்தன் உண்மையில் என்ன பேசினான் என்பதை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. இக்கட்டுரையில் ட்ரூத்தின் கூற்று எதையும் நாம் மேற்கோளாக எடுத்தாளாததற்கு இதுவே காரணம். அவரே தேர்ந்தெடுத்த, அவரே தம் பெயரில் பதிவுசெய்த ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது அந்தப் படமும் அதிலுள்ள பின்னலும்.

1797ஆம் ஆண்டளவில், நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில், ஹார்டன்பர்க் என்ற டச்சுக் குடும்பத்தின் அடிமைகளான ஜேம்ஸ், பெட்சி இணையருக்கு அவர் பிறந்தார். இட்ட பெயர் இசபெல்லா. அவருக்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தனர். எசமானன் இறந்தபின் நடந்த ஏலத்தில், ஒன்பது வயதளவில், அவரையும் விற்றார்கள். தனியாக விற்கவில்லை, ஒரு செம்மறியாட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்றார்கள். பிற்காலத்தில் கம்பளி நூலை மடியில் ஏந்திப் படமெடுத்துக்கொண்ட பெண், ஆடுகளோடு ஆடாக விலை போனவர் என்பதைப் படிக்கும்போது நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

வாங்கிய நீலி என்பவர் பேசிய ஆங்கிலம் சிறுமிக்குப் புரியவில்லை. சொன்ன பொருளை எடுத்துவராத குற்றத்துக்குக் கட்டிவைத்து அடித்தார். அந்தத் தழும்புகள் சாகும்வரை அவர் முதுகில் இருந்தன. பிறகு மதுக்கடை நடத்திய ஒருவரிடம் 105 டாலருக்குக் கைமாறினார். 1810இல் ஜான் டியூமாண்ட் என்ற பண்ணையாரிடம் வந்து சேர்ந்து, அங்கே பதினாறு ஆண்டுகள் உழைத்தார். அங்கேயே ஐந்து பிள்ளைகளுக்குத் தாயானார்.

நியூயார்க் மாநிலம் 1799இலும் 1817இலும் இயற்றிய சட்டங்களின்படி, 1827 ஜூலை 4 அன்று அவர் தலைமுறை அடிமைகள் அனைவரும் விடுதலை பெறவிருந்தனர். நன்றாக உழைத்தால் ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக டியூமாண்ட் வாக்களித்திருந்தார். இடையில் இசபெல்லாவின் கையில் காயம் பட்டது. அதனால் உழைப்பு குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி, நாள் வந்தபோது டியூமாண்ட் வாக்கை மாற்றினார். இசபெல்லா உடனே வெளியேறவில்லை. தாம் கடன்பட்டிருப்பதாக எண்ணிய உழைப்பைத் தாமே அளந்து கொடுத்தார். அந்த இலையுதிர்காலம் முழுதும் காயம்பட்ட கையோடு ஏறத்தாழ 100 பவுண்டு, அதாவது 45 கிலோ, கம்பளியை நூற்று முடித்தார். முடித்தபின் ஒரு விடியற்காலையில் கைக்குழந்தை சோபியாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஓடவில்லை, நடந்தார் என்பதைப் பின்னாளில் அவர் வற்புறுத்திச் சொன்னதாக எல்லாப் பதிவுகளும் ஒத்துச்சொல்கின்றன.

நூற்பு உழைப்பால் விடுதலையை அளக்கும் இந்தக் கணக்கு சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அந்நியமானதல்ல. ஓமலூர் வட்டத்தின் சேரிகளிலிருந்தும் தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் பெண்பிள்ளைகள் வேனில் ஏற்றிச் செல்லப்பட்டு நூற்பாலை விடுதிகளில் அடைக்கப்பட்டது நேற்றைய கதை. மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்ற பேச்சு. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் வேறு. மூன்றாண்டு முடிவதற்குள் பிள்ளைக்கு நோய் வந்தாலோ கையில் அடிபட்டாலோ தொகை கைவிட்டுப் போகும். டியூமாண்ட் சொன்ன அதே காரணம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் இத்தகைய ஏற்பாடுகளைக் கொண்டுவர வாதிடும்போது, முன்பணம் எங்கே, கடன் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். நிறுத்திவைக்கப்பட்ட கூலியே கட்டும் கயிறு என்பதை விளக்க நாம் பக்கம் பக்கமாக எழுதவேண்டியிருக்கிறது. 1826இல் ஓர் எழுத்தறியாப் பெண் அதை 100 பவுண்டு கம்பளியில் விளக்கிவிட்டார்.

இசபெல்லா போய்ச் சேர்ந்த வான் வேகனன் என்ற இணையர் அடிமைமுறையை ஏற்காதவர்கள். துரத்திவந்த டியூமாண்டிடம் எஞ்சிய மாதங்களுக்கு ஈடாக 20 டாலரும் குழந்தைக்கு 5 டாலரும் கொடுத்து அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகளைச் சட்டப்படி அவரால் அழைத்துவர முடியவில்லை. 1799க்குப் பின் பிறந்தவர்கள் பெயரளவில் சுதந்திரர். ஆனால் இளமை முழுதும் எசமானுக்கு வேலை செய்யக் கட்டுண்டவர்கள். இந்த இடைவெளியில்தான் அந்த அநீதி நடந்தது. ஐந்து வயது மகன் பீட்டரை டியூமாண்ட் விற்றுவிட்டார். அவன் கைமாறிக் கைமாறித் தெற்கே அலபாமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். நியூயார்க்கில் விடுதலை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது; அலபாமாவில் அது வருவதற்கான அறிகுறியே இல்லை. மாநிலத்துக்கு வெளியே இப்படி விற்பது நியூயார்க் சட்டப்படி குற்றம்.

இசபெல்லா பழைய எசமானியிடம் போய்க் கேட்டார். ஒரு கறுப்புப் பிள்ளைக்காக இவ்வளவு கூச்சலா என்ற ஏளனமே பதிலாகக் கிடைத்தது. குவேக்கர் சமயத்தினரிடம் உதவி கேட்டு, கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்துக்கு வெறுங்காலோடு நடந்தார். யாரிடம் முறையிட வேண்டும், எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டார். பெருநடுவர் குழுவிடம் முறையிட்டார், வழக்கறிஞர் வைத்தார், கட்டணத்துக்குக் கையேந்தினார், மாதக்கணக்கில் அலைந்தார். 1828இல் பையன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, மிரட்டப்பட்டிருந்த அவன் தாயைத் தெரியாது என்றே அழுதான். நீதிபதி அவனைத் தாயிடம் ஒப்படைத்தார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உச்சி முதல் உள்ளங்கால் வரை இருந்த தழும்புகளைத் தாய் கண்டார். வெள்ளையருக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் வென்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவராக அவரை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தை ஓமலூர்க்காரர்களான நாம் மரத்துப்போன மனத்தோடு படிக்க முடியாது. 2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் நம் ஊர்ப் பிள்ளை. முக்கியச் சாட்சி பிறழ்ந்தபின்னும், விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்றம் வரை சென்றவர் அவருடைய தாய். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கான தண்டனையை உறுதிசெய்தது. கிங்ஸ்டன் நீதிமன்றப் படிகளில் வாசல் தேடிய இசபெல்லாவுக்கு மகன் உயிரோடு கிடைத்தான். அந்தத் தாய்க்கு அதுவும் இல்லை.

1829இல் பீட்டரோடு நியூயார்க் நகரத்துக்குப் போன இசபெல்லா வீட்டு வேலை செய்து பிழைத்தார். அங்கே ஒரு போலித் தீர்க்கதரிசியின் கூட்டத்தில் சிக்கிச் சில ஆண்டுகளை இழந்தார். அக்கூட்டம் கலைந்தபோது, அதிலிருந்த வசதியான வெள்ளை இணையர் இவர்மீது நஞ்சு வைக்க முயன்றதாகப் பழி சுமத்தினர். இவர் அவர்கள்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். தமக்கு நற்சான்று தரும்படி பழைய எசமானர்களிடமே, டியூமாண்ட் உட்பட, கடிதம் வாங்கிவந்தார். வென்றார். இழப்பீடு 125 டாலர். ஒன்பது வயதில் மந்தையோடு சேர்த்துப் போடப்பட்ட விலையைவிட 25 டாலர் கூடுதல். பீட்டர் 1839இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினான். சில கடிதங்கள் வந்தன. 1842இல் கப்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை.

1843 ஜூன் 1 அன்று அவர் தமக்குத் தாமே புதுப்பெயர் சூட்டிக்கொண்டார். சோஜர்னர் என்றால் ஓரிடத்தில் தங்காது செல்பவர்; ட்ரூத் என்றால் உண்மை. அதுவரை எசமானர்களின் குடும்பப் பெயர்களே அவருக்கு மாறி மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. பெயர் மாற்றம் எத்தனை பெரிய அரசியல் செயல் என்பதை இந்நாட்டில் நாம் விளக்கத் தேவையில்லை.

நடந்து நடந்து அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டன் கூட்டுக் குடியிருப்பை அடைந்தார். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது பட்டுத் தொழிலை அடிப்படையாகக் கொண்ட குடியிருப்பு. முசுக்கொட்டை வளர்த்தார்கள், பட்டுப்புழு வளர்த்தார்கள், பட்டுநூல் முறுக்கினார்கள். அக்காலத்தில் அமெரிக்கப் பருத்தி பெரும்பாலும் அடிமை உழைப்பு. ஆகவே அடிமை உழைப்புப் படியாத நூல் வேண்டும் என்பதே அவர்கள் பட்டைத் தேர்ந்ததன் பின்னிருந்த அரசியல். நூல் எங்கிருந்து வருகிறது, யார் கைபட்டு வருகிறது என்று கேட்கும் அரசியலை ட்ரூத் அங்கே அன்றாடம் பார்த்தார். சலவைப் பிரிவுக்கு அவர் பொறுப்பு. பிரெடரிக் டக்ளஸ், வில்லியம் லாயிட் கேரிசன் போன்றோர் வந்துபோகும் இடமாக அது இருந்தது. 1846இல் குடியிருப்பு கலைந்தது. அந்த ஊரிலேயே கடனுக்கு ஒரு வீடு வாங்கி, ஆலிவ் கில்பர்ட் என்பவரிடம் தம் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்து, 1850இல் புத்தகமாக அச்சிட்டு, கூட்டங்களில் விற்று வீட்டுக் கடனை அடைத்தார்.

1858இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு கூட்டம். ஆறடி உயரம், ஆழ்ந்த குரல். இவர் பெண்ணே இல்லை, பெண் வேடமிட்ட ஆண் என்று எதிரிகள் கிளப்பினார்கள். கூட்டத்திலுள்ள பெண்களிடம் மார்பைக் காட்டி மெய்ப்பிக்கட்டும் என்றார்கள். அவர் எல்லோர் முன்னிலையிலும் மேலாடையை விலக்கினார். வெட்கம் தமக்கன்று, கேட்டவர்களுக்கே என்ற பொருளில் பேசினார் என்று அன்றைய செய்தித்தாள்கள் கூறுகின்றன. அதே ஆண்டில் தென்திருவிதாங்கூரில் மார்பை மறைத்த பெண்களின் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். 1859 ஜூலையில் மன்னர் அரசாணை வெளியிட்டு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. உலகின் இரு மூலைகளிலும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடல்மீது பிறருக்கே அதிகாரம் இருந்தது: அங்கே மறைத்ததைக் காட்டென்றார்கள், இங்கே காட்டுவதை மறைக்காதே என்றார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1860களின் படங்களைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போர் நடக்கிறது. விசிட்டிங் கார்டு அளவில் படமெடுத்து விற்பது புதிய வழக்கம். 1863இல் அடிமை ஒழிப்பாளர்கள் மிக அதிகமாகப் பரப்பிய படம், தப்பிவந்த ஓர் அடிமையின் முதுகு. சவுக்குத் தழும்புகள் வேர்க்கொத்துபோல் புடைத்திருக்கும் அந்தப் படம் வடக்கின் மனச்சாட்சியை உலுக்கியது உண்மை. ட்ரூத்தின் முதுகிலும் தழும்புகள் இருந்தன. அவற்றைக் காட்டிப் படமெடுத்திருந்தால் நன்றாகவே விற்றிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கழுத்து வரை மூடிய உடை, சால்வை, கண்ணாடி, நூற்கண்டு. காயம்பட்ட கைகளில் பின்னல்.

ஏன் பின்னல்? போர்முனையிலுள்ள வீரர்களுக்குக் காலுறை பின்னி அனுப்புவது அப்போது வடமாநிலப் பெண்களின் நாட்டுப்பணி. ட்ரூத்தின் பேரன் ஜேம்ஸ் கால்டுவெல் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் 54ஆம் கறுப்பினப் படையில் சேர்ந்து 1863இல் சிறைப்பட்டவர். ஒரு படத்தில் பேரனின் படத்தையே பாட்டி மடியில் வைத்திருக்கிறார். வயலில் உழவும் பளு சுமக்கவும் மட்டுமே ஆனவள் கறுப்பினப் பெண் என்று நம்பிய சமூகத்தில், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பின்னுவது மதிப்புக்குரிய குடும்பப் பெண்ணின் அடையாளம். இவ்விரண்டும் படத்தில் உண்டு. ஆனால் நமக்குப் பெரிதாகத் தெரிவது மூன்றாவது ஒன்று. டியூமாண்டுக்கு நூற்ற 100 பவுண்டு கம்பளி எசமானனுக்கு உரியது. இந்த மடியிலுள்ள நூல் அவருக்கு உரியது. எதைப் பின்னுவது, எப்போது நிறுத்துவது, யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவுசெய்பவர் அவரே. பின்னல் முடிக்கப்படாமல் இருப்பதும் கவனிக்கத்தக்கது. முடித்த துணி ஒரு சரக்கு. ஊசியில் நிற்கும் பின்னல், உழைப்பவரை உழைப்போடு சேர்த்தே காட்டுகிறது.

சட்டம் படித்தவர்களாகிய நம்மை வியக்கவைப்பது அட்டையில் அச்சிட்டிருக்கும் சிறிய வரிகள். ஒன்று தலைப்பு. அக்காலத்தில் புகைப்படத்தை நிழல் என்றும் வழங்கினர். தம் மெய்யைக் காக்கத் தம் நிழலை விற்பதாக, பொருளளவில், அத்தலைப்பு கூறுகிறது. மற்றொன்று, 1864இல் மிச்சிகன் கிழக்கு மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் அவர் பெயரிலேயே செய்யப்பட்ட பதிப்புரிமைப் பதிவு. படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்பது அன்றைய வழக்கம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படம் என்ற சொல்லே 1865இல்தான் சேர்ந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர், ஒரு காலத்தில் தாமே விற்பனைச் சீட்டில் பொருளாக இருந்தவர், சட்டம் வருமுன்பே தம் உருவத்துக்கு உரிமையாளராகப் பதிந்துகொண்டார்.

கலை வரலாற்றாசிரியர்கள் இப்படங்களை நுண்கலையாக எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ஊசி வேலையும் நெசவும் கைவினை, ஓவியமும் சிற்பமும் நுண்கலை என்ற பிரிவினை சாதியின் வேலைப் பிரிவினையை ஒத்தது. கைபட்டால் மதிப்புக் குறையும் என்ற அதே புத்தி. நம்மிடமும் இதற்கு மறுப்பு உண்டு. 1820களில் நாகர்கோவில் இலண்டன் மிஷன் பெண்கள் பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்பித்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது. அங்கே அது ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அப்பள்ளிச் சிறுமிகளில் அடிமைகளும் இருந்தனர். லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு அவர்களில் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கினர். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டியில் இருந்த அந்த லேஸ், ஒரு சேரிப் பெண்ணின் விடுதலைப் பத்திரமாகவும் இருந்திருக்கக்கூடும். பின்னியவர்களின் பெயர்களை எந்த அருங்காட்சியகமும் எழுதிவைக்கவில்லை.

நூல் என்றதும் இராட்டையும் நினைவுக்கு வரத்தான் செய்யும். காந்தியார் துறந்து அணிந்த அரையாடையையும் அண்ணல் அம்பேத்கர் அணிந்த கோட்டு சூட்டையும் நாம் பலமுறை ஒப்பிட்டு எழுதியிருக்கிறோம். துறப்பதற்கு ஏற்கெனவே ஏதாவது இருந்திருக்க வேண்டும். ட்ரூத்தின் சால்வையும் அண்ணலின் கோட்டும் ஒரே பக்கத்தில் நிற்பவை.

நம் இயக்கத் தோழர்களிடம் இங்கே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. வன்கொடுமை நடந்த அரை மணி நேரத்தில், அடிபட்டவரின் கிழிந்த உடலும் இறந்தவரின் முகமும் நம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்குகின்றன. பெரும்பாலும் நம்மவர்களே அனுப்புகிறோம். ஊடகம் காட்டாததை நாம் காட்டியாக வேண்டும் என்ற நியாயம் அதில் உண்டு. நீதிமன்றத்தில் காயமே சான்று என்பதையும் மறுக்கவில்லை. கோகுல்ராஜ் வழக்கில் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு இல்லையேல் தீர்ப்பு என்னவாகியிருக்கும்? ஆனால் சான்று வேறு, உருவம் வேறு. காயச் சான்றிதழ் வழக்குக் கட்டில் இருக்கட்டும். சுவரில் மாட்டப்போவது எது என்று கேட்டால், குடும்பத்தார் எடுத்துத் தரும் படம் எப்போதும் வேறாகவே இருக்கிறது: பட்டமளிப்பு அங்கி, புதுச் சட்டை, முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம். ட்ரூத் தம் முதுகை விட்டு மடியைக் காட்டியதற்கும் இந்தத் தேர்வுக்கும் வேறுபாடு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. சுவரொட்டி அடிக்குமுன் அந்த வீட்டுத் தாயிடம் எந்தப் படம் என்று கேட்பது அவ்வளவு கடினமா?

படங்களை விற்ற காசில் அவர் வாஷிங்டன் போனார். 1864 அக்டோபரில் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். அதைப் பலரும் பெரிதுபடுத்தி எழுதிவிட்டார்கள். அதைவிடப் பெரிது, தெற்கிலிருந்து தப்பிவந்தவர்கள் குடியமர்த்தப்பட்ட ஆர்லிங்டனின் விடுதலையாளர் கிராமத்தில் அவர் செய்த வேலை. தென்மாநிலப் படையின் தளபதி ராபர்ட் லீயின் பண்ணை நிலம் அது. அங்கே பெண்களுக்குப் பின்னலும் தையலும் வீட்டுப் பராமரிப்பும் கற்பித்தார். மேரிலாந்துக்காரர்கள் வந்து பிள்ளைகளைக் கடத்திப்போன இடமும் அதுவே. தாய்மார்கள் வாய்திறக்க அஞ்சினார்கள். கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் தாம் கற்றதை அவர்களுக்குச் சொன்னார்: நீங்கள் இப்போது சட்டத்தின் கீழ் சுதந்திரர், முறையிடுங்கள் என்று. ஊசியையும் புகார் மனுவையும் ஒரே கையால் கற்பித்த ஆசிரியர் அவர்.

1865இல் வாஷிங்டனின் குதிரை டிராமில் அவர் ஏறியதை நடத்துநர் ஒருவர் பொறுக்காமல் தள்ளியதில் தோள் எலும்பு பிசகியது. வண்டிகளில் நிறப் பிரிவினை சட்டப்படி நீக்கப்பட்டிருந்தும் நடப்பில் நீங்காத நாள்கள். அறுபத்தெட்டு வயதளவில் இருந்த அவர் வழக்குப் போட்டார். நடத்துநர் கைதாகி வேலையிழந்தார். ரோசா பார்க்ஸுக்குத் தொண்ணூறு ஆண்டு முந்திய பேருந்து வழக்கு என்று நாம் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

தோல்வியுற்ற வழக்கும் ஒன்று உண்டு. அதை அவர் நீதிமன்றத்தில் அன்றி நாடாளுமன்றத்தில் நடத்தினார். நிவாரணச் சோற்றில் வாழும் விடுதலையாளர்களுக்கு மேற்கே அரசு நிலம் தர வேண்டும் என்று 1870 முதல் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். நாட்டின் செல்வம் தம் மக்களின் உழைப்பு, அதில் பங்கு கேட்பது பிச்சையன்று என்பதே அவர் வாதம். நாடாளுமன்றம் அசையவில்லை. நம் பக்கம் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. வந்த நிலம் யார் யார் கைக்குப் போனது என்பதை வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். மகாத்மா ஜோதிராவ் புலே, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குத் தம் குலாம்கிரி நூலைக் காணிக்கையாக்கி 1873இல் புனேயில் வெளியிட்டபோது, ட்ரூத் மனுக்கட்டோடு அலைந்துகொண்டிருந்தார்.

1872 தேர்தலில் வாக்களிக்கப் போனார், திருப்பி அனுப்பப்பட்டார். 1879இல் தெற்கின் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் கான்சாஸுக்குப் பெயர்ந்தபோது, எண்பது கடந்த கிழவியார் அவர்களுக்கு உதவ அங்கே போய்ச் சேர்ந்தார். 1883 நவம்பர் 26 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் இறந்தார். கல்லறைக் கல்லில் வயது ஏறத்தாழ 105 என்று தவறாகப் பொறித்துவிட்டார்கள். அடிமைப் பிள்ளைக்குப் பிறந்த நாள் குறிக்கும் வழக்கம் இல்லாததால், சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

பீட்டரை மீட்ட வழக்கின் தாள்கள் நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக யார் வழக்கு என்று அறியப்படாமலே கிடந்து, இறுதியில் நியூயார்க் மாநில ஆவணக்கிடங்கின் பெட்டிகளில் இருந்தன. காரணம் எளிது. சோஜர்னர் ட்ரூத் என்று தேடினால் அவை கிடைக்கா. அதில் இருப்பவர் இசபெல்லா வான் வேகனன். 2022இல் கிடங்குப் பணியாளர்கள் அவற்றை அடையாளம் கண்டு வெளியிட்டனர்.